தட்டில் இருப்பது எந்த இசை?

திரைப்படப் பின்னணி இசைத் தொகுப்புகளைத் தேடிச் சேர்க்கும் அன்பர்களுக்கு,

ஒரு படத்துக்காக எழுதிப் பதிந்த பின்னணி இசையும், அந்தப் படத்தின் பெயரைத் தாங்கிக் கடைக்கு வரும் தட்டும் ஒன்றாகவே இருப்பது அபூர்வம். ஹாலிவுட் படங்களில் இதை ஏறக்குறைய விதி என்றே சொல்லலாம். தட்டில் இடம் போதாமல் பாதி இசை விடுபட்டிருக்கலாம். தட்டுக்கென்றே வேறொரு நாட்டில், வேறொரு இசைக்குழு புதிதாக வாசித்திருக்கலாம். படத்தில் வெட்டி எறியப்பட்ட பகுதி தட்டில் பத்திரமாக இருக்கலாம். பின்னணி இசையைச் சேர்ப்பவர்கள் பலரும் படத்தின் பெயரைப் பார்த்து வாங்கி, பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைத் தேடப் போகிறார்கள். கையில் இருப்பது எந்தப் பதிவு, எங்கே யார் வாசித்தது, என்ன விடுபட்டது என்று தெரியாத சேகரிப்பு பாதிச் சேகரிப்புதான். இந்த வேறுபாடுகள் எப்படி உண்டாயின என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றை வரிசையாகச் சொல்வதே இந்த மடலின் வேலை.

முதலில் விற்பனைக்கு வந்தவை பாடல்களே. 1938இல் வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ பாடல்கள், படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுக்கப்பட்டு 78 வேகத் தட்டுகளாக வந்தன. பாடல் இல்லாத வெறும் பின்னணி இசையைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்ற ஐயம் அதற்குப் பிறகும் நீடித்தது. அதை உடைத்தவற்றுள் முன்னோடி, மிக்லோஸ் ரோஷா 1942இல் ‘ஜங்கிள் புக்’ படத்துக்கு எழுதிய இசை. ஆர்.சி.ஏ. விக்டர் அதை வெளியிட்டபோது, இசையை மட்டும் தனியே விடத் துணியவில்லை. படத்தில் மௌக்லியாக நடித்த சாபு கதை சொல்ல, இசை அதனோடு சேர்ந்து வந்தது. மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் ஒருவரின் மகனான சாபுவின் குரல், இந்தத் துறையின் முதல் முக்கியமான தொகுப்பிலேயே பதிந்திருப்பது நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. 78 தட்டின் ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடமே ஓடும். அரை மணி நேர இசை வேண்டுமென்றால் பல தட்டுகளைப் புத்தகம் போல் அட்டையில் தைத்துத்தான் விற்க முடியும்.

1948இல் கொலம்பியா கம்பெனி 33⅓ வேக எல்.பி.யைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. ஆனாலும் இசை தனியாக நிற்குமா என்ற பழைய தயக்கம் முற்றாகப் போகவில்லை. 1954இல் ‘த கெய்ன் ம்யூட்டினி’ படத்துக்கு ஆர்.சி.ஏ. விக்டர் தயாரித்த எல்.பி. இதற்குச் சாட்சி. ஒரு பக்கம் மாக்ஸ் ஸ்டைனரின் இசை. மறு பக்கம் படத்தின் கடற்படை நீதிமன்றக் காட்சியின் வசனம். மூல நாவலாசிரியர் ஹெர்மன் வோக் அந்த விசாரணைப் பகுதியை ஏற்கெனவே தனி நாடகமாக எழுதி, அது பிராட்வேயில் மேடையேறியிருந்தது. அதே காட்சி தட்டில் விற்பனைக்கு வருவதை அவர் எதிர்த்தார். கம்பெனி தட்டை நிறுத்திவிட்டது. வெளியே தப்பி வந்தவை மிகச் சில பிரதிகளே. திரையிசைத் தட்டுகளில் மிக அரியது எது என்று எங்கே பேச்சு வந்தாலும் இந்தத் தட்டின் பெயர்தான் முதலில் அடிபடும். அதன் மதிப்புக்குக் காரணம் ஸ்டைனரின் இசை அல்ல, வசனப் பக்கத்தால் வந்த தகராறு. அரிது என்பதும் நல்லது என்பதும் வேறு வேறு என்பதைச் சேகரிப்பவர்கள் இங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த எல்.பி.க்களில் ஒரு பெரும் பகுதி படத்தின் அசல் பதிவு அல்ல. இசைக்கலைஞர்கள் சங்க விதிப்படி, படத்துக்காக வாசித்ததைத் தட்டில் மறுபடி பயன்படுத்தினால் வாசித்தவர்களுக்குத் தனியே பணம் தர வேண்டும். அதைவிடப் புதிதாக ஒருமுறை வாசித்துப் பதிவது பல சமயம் சிக்கனமாக முடிந்தது. ‘பென்ஹர்’ (1959) நல்ல எடுத்துக்காட்டு. படத்துக்கு ரோஷா நடத்திய பதிவு கலிஃபோர்னியாவில் நடந்தது. அப்போது எம்.ஜி.எம். விற்ற தட்டோ ரோமில் கார்லோ சவினா நடத்திய வேறொரு பதிவு. தட்டின் உறையில் சவினா பெயர் இருந்தால், திரையரங்கில் கேட்டது அது அல்ல என்று உடனே தெரிந்துகொள்ளலாம். படத்தின் அசல் பதிவு ஐந்து சி.டி.க்களாக வெளிவர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹென்றி மான்சினியின் வழி இன்னும் வேறு. வானொலியில் ஓடக்கூடிய, வீட்டில் விருந்தினர் இருக்கும்போது போடக்கூடிய தட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துபடி. ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ (1961) தட்டுக்காக அவர் படத்தின் மெட்டுகளை எடுத்து, இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாகப் புதிதாக வாசிக்க வைத்தார். காட்சியின் பதற்றத்துக்கும் சோகத்துக்கும் எழுதிய பகுதிகள் அதில் கிடையாது. ஆட்ரி ஹெப்பர்ன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கிட்டாரோடு பாடும் ‘மூன் ரிவர்’கூட அந்தத் தட்டில் இல்லை, கோரஸ் குழு பாடியதுதான் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் குரலுக்காகத் தட்டு வாங்கியவர்கள் ஏமாந்துதான் போயிருப்பார்கள். படத்தின் அசல் பதிவை இன்ட்ராடா நிறுவனம் 2013இல் வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது என்பது விளங்கும். மான்சினியின் தட்டு அறுபதுகளின் வீட்டு வரவேற்பறைக்குச் செய்த இசை, இன்ட்ராடாவின் சி.டி. திரைக்குச் செய்த இசை.

இசையமைப்பாளரே உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, வரிசையை மாற்றி, ஒரு தட்டாகக் கட்டும் வழக்கம் எழுபதுகளில் முதிர்ந்தது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ இரட்டைத் தட்டாக வந்தது. லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா வாசித்த அந்தத் தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் ஜான் வில்லியம்ஸ் கதையின் வரிசையைப் பின்பற்றவில்லை. கேட்பவரின் காதுக்கு ஏற்ற வரிசையில் அடுக்கினார். அதே தொடரின் மூன்றாவது படம் 1983இல் வந்தபோது ஒற்றைத் தட்டுதான் கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட இசையில் முக்கால் மணி நேரம்கூட அதில் சரியாக அடங்கவில்லை. 1993இல் நான்கு சி.டி. பெட்டியும் 1997இல் படத்துக்கு இரண்டு சி.டி. வீதம் விரிந்த பதிப்புகளும் வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

தட்டுக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தை அருகில் வைத்துப் பார்க்க ‘ஏலியன்’ (1979) போல் இன்னொன்று கிடையாது. ஜெரி கோல்ட்ஸ்மித் தொடக்க எழுத்துகளுக்கு முதலில் எழுதியது, விண்வெளியின் விரிவைக் கனவு போலக் காட்டும் நீண்ட மெட்டு. இயக்குநர் ரிட்லி ஸ்காட்டுக்கு அது ஒத்துவரவில்லை. கோல்ட்ஸ்மித் அதை எடுத்துவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத முனகல்களும் தட்டல்களுமாக வேறொன்றை எழுதிக் கொடுத்தார். குழப்பம் அதோடு நிற்கவில்லை. படத்தொகுப்பின்போது தற்காலிகமாகப் போட்டிருந்த, கோல்ட்ஸ்மித்தே 1962இல் ‘ஃப்ராய்ட்’ படத்துக்கு எழுதிய துண்டுகள் அப்படியே இறுதிப் படத்திலும் நின்றுவிட்டன. முடிவில் அவர் எழுதிய இசைக்குப் பதில் ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாவது சிம்ஃபனி ஒலிக்கிறது. படத்தில் தன் இசை சிதைந்துவிட்டது என்று நினைத்த இசையமைப்பாளர் தட்டில்தான் தான் எண்ணியதைச் சொன்னார். திரையில் ஒதுக்கப்பட்ட முதல் மெட்டு 1979 எல்.பி.யில் இருக்கிறது. 2007இல் இன்ட்ராடா இரண்டு சி.டி.க்களில் எல்லாவற்றையும் கொடுத்தது: முதலில் எழுதியது, மாற்றி எழுதியது, பழைய எல்.பி.யின் வரிசை என மூன்றும் உண்டு.

‘முழுப் பதிப்பு’ வந்ததும் பழைய தட்டை விற்றுவிடும் வழக்கம் இதனால்தான் தவறு. நாற்பது நிமிடத் தட்டு, இசையமைப்பாளர் தன் கையால் செய்த ஒரு படைப்பு. எதை முதலில் வைப்பது, எதை விடுவது, எந்த இரண்டு துண்டுகளை இணைப்பது என்று அவர் எடுத்த முடிவுகள் முழுப் பதிப்பில் காணாமல் போகும். காட்சிக்காக இருபது வினாடி எழுதிய துண்டுகள் எழுபது எண்பது வரிசையாக ஓடும்போது ஆய்வுக்கு அவை தங்கம். கேட்பதற்குப் பல வேளை சலிப்பு. இரண்டையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே முறை.

சி.டி. வந்தபோது எழுபத்து நான்கு நிமிட இடம் கிடைத்தது. ஆனால் தொண்ணூறுகளில் அமெரிக்காவின் வரீஸ் சரபாண்ட் நிறுவனம் வெளியிட்ட பல தொகுப்புகள் முப்பது நிமிடத்தில் முடிந்தன. பாதிக்கு மேல் வெற்றிடமாக வந்த அந்த சி.டி.க்களைச் சேகரிப்பவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஏசியவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் சங்கக் கலைஞர்கள் வாசித்த இசையைத் தட்டில் போட, கால அளவு கூடக்கூட மறுபயன்பாட்டுக் கட்டணமும் ஏறும். சில ஆயிரம் பிரதிகளே விற்கும் ஒரு படத்துக்கு முழு இசையையும் போட்டால் நிறுவனம் முழுகிவிடும். முப்பது நிமிடம் அல்லது ஒன்றுமே இல்லை என்பதுதான் அவர்கள் முன் இருந்த தேர்வு. லண்டனில் பதிவான இசைக்கு அந்தச் சுமை வேறு விதமாக இருந்ததால் அங்கு வாசித்த படங்களின் சி.டி.க்கள் அந்தக் காலத்திலேயே நீளமாக இருக்கும். உறையில் பதிவு நடந்த ஊரைப் பார்த்தாலே சி.டி.யின் நீளத்தை ஊகிக்கலாம் என்ற நிலை சில ஆண்டுகள் இருந்தது.

பிறகு பழைய படங்களின் இசையைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டால் சலுகைக் கட்டணம் என்று சங்கத்தோடு உடன்பாடு வந்தது. இந்தத் துறையில் ‘3000 பிரதிகள் மட்டும்’ என்ற வாசகம் அடிக்கடி கண்ணில் படுவதற்கு அதுவே முக்கியக் காரணம். லூகாஸ் கெண்டல் நடத்திய ‘ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி’ என்ற இதழ் இந்த வழியில் இறங்கி, நிறுத்தும் முன் 250 தொகுப்புகளை வெளியிட்டது. 1985இல் பேசில் போலடூரிஸின் ‘ரெட் டான்’ இசையோடு தொடங்கிய இன்ட்ராடா, 2002இல் தொடங்கிய லா-லா லாண்ட், ஸ்பெயினின் குவார்ட்டெட் போன்றவை இன்றும் இதைச் செய்கின்றன. இவர்களின் சி.டி.யோடு வரும் சிறு புத்தகத்தைப் படிக்காமல் வைப்பது பெரிய இழப்பு. ஒவ்வொரு துண்டும் எந்தக் காட்சிக்கு எழுதியது, எந்தத் தேதியில் பதிந்தது, படத்தில் எங்கே வெட்டினார்கள் என்ற விவரம் வேறெங்கும் அச்சில் கிடைப்பதில்லை.

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் திருட்டுப் பதிப்பு வரும். நகல் எடுத்தது போன்ற உறை, மங்கிய படம், பின்பக்கத்தில் கம்பெனியின் பெயரோ முகவரியோ இல்லாத சி.டி. கண்டால் ஒதுக்கிவிட வேண்டும். வெறும் லாபத்துக்காக ஐந்தாறு பிரதிகளை வாங்கி உறை பிரிக்காமல் அடுக்குபவர்கள், உண்மையில் கேட்க விரும்பும் ஒருவருக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள். இந்த வழக்கம் பரவுவது வருத்தம் தருகிறது.

அசல் பதிவு கிடைக்காத இசையும் நிறைய. ‘சைக்கோ’ (1960) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டுமே வைத்து எழுதிய இசை உலகமெங்கும் தெரியும். ஆனால் படம் வந்தபோது தட்டு வரவில்லை. ஹெர்மனே 1975இல் லண்டனில் முழுவதையும் மறுபடி வாசித்துப் பதிந்தார். 1997இல் ஜோயல் மெக்னீலி, ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டு இன்னொருமுறை பதிந்தார். ஹெர்மனின் பதிவு படத்தைவிட மெதுவாகப் போகும். தன் இசையை வயதான பிறகு அவர் எப்படிக் கேட்டார் என்பதற்கு அதுவே ஆவணம். ‘டார்ன் கர்ட்டன்’ (1966) படத்துக்கு அவர் எழுதியதை இயக்குநர் ஹிட்ச்காக் ஏற்கவில்லை. அந்த இசையை எல்மர் பெர்ன்ஸ்டைன் எழுபதுகளில் தன் சந்தாத் தட்டு வரிசைக்காகப் பதிந்து காப்பாற்றினார். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு அலெக்ஸ் நார்த் எழுதி, ஸ்டான்லி கூப்ரிக் கைவிட்ட இசையைக் கோல்ட்ஸ்மித் 1993இல் பதிந்தார், நார்த்தின் சொந்தப் பதிவு 2007இல் வெளியானது.

இத்தகைய மறுபதிவுக்கு இசைக்குறிப்புத் தாள்கள் வேண்டும். எம்.ஜி.எம். ஸ்டூடியோ இடம் அடைக்கிறது என்று பல பத்தாண்டுகளின் முழு இசைக்குறிப்புகளையும் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டது. மிஞ்சியவை பெரும்பாலும் சுருக்கப் பிரதிகள். நடத்துனர் ஜான் வில்சன் போன்றவர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திக் காதால் கேட்டு, ஒவ்வொரு கருவியின் வரியையும் மறுபடி எழுதியிருக்கிறார்கள். வெறும் நகல் வேலை என்று இதை எண்ணக்கூடாது.

டேப்புகளின் நிலையும் தொகுப்பில் எதிரொலிக்கும். ‘வெர்ட்டிகோ’ (1958) பதிவின்போது அமெரிக்காவில் இசைக்கலைஞர் வேலைநிறுத்தம். வேலை லண்டனுக்குப் போனது. அங்குள்ளவர்களும் ஆதரவாக நிறுத்தவே மீதி வியன்னாவில் முடிந்தது. லண்டன் பகுதி ஸ்டீரியோ, வியன்னா பகுதி மோனோ. 1996 சி.டி.யில் ஒலி திடீரென்று சுருங்குவது சி.டி. பிளேயரின் கோளாறு அல்ல. பழைய அசிடேட் படச்சுருள்களில் புளித்த வாடை வந்தால் சுருள் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். எழுபதுகளின் சில டேப்புகளில் பசை ஈரம் உறிஞ்சி இளகி, ஓடும்போது ஒட்டும். அவற்றை ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, உலர்த்திய சில நாட்களுக்குள் நகல் எடுத்துவிட வேண்டும்.

வாங்கும்போது உறையின் வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘ஒரிஜினல் மோஷன் பிக்சர் ஸ்கோர்’ என்றால் பின்னணி இசை. ‘சவுண்ட்ட்ராக்’ என்று மட்டும் இருந்தால் அது முழுக்கப் பாடல்களாகவும் இருக்கலாம். 1989இல் ‘பேட்மேன்’ படத்துக்கு பிரின்ஸ் பாடிய தொகுப்பு ஒன்று, டேனி எல்ஃப்மனின் பின்னணி இசை ஒன்று எனத் தனித்தனியே வந்தன. பெயர் பார்த்து வாங்கியவர்கள் மாற்றி வாங்கியதுண்டு. ‘மியூசிக் ஃப்ரம்’ என்றிருந்தால் நடத்துனர் பெயர், இசைக்குழு, ஊர், ஆண்டு நான்கையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பாதுகாப்பில் நம் ஊர்ச் சூழல் தனிக் கவனம் கேட்கிறது. எல்.பி.யைப் படுக்க வைத்து அடுக்கினால் வளையும். நிமிர்த்தியே வைக்க வேண்டும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கும், அது தட்டின் பள்ளத்திலும் இறங்கும். மூடிய பீரோவைவிடக் காற்றோட்டமுள்ள, வெயில் படாத அலமாரி நல்லது. சி.டி.யில் பலரும் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். எழுத்து அச்சான மேல்பக்கமே மென்மையானது. பளபளக்கும் உலோகப் படலம் அங்கே மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே விழும் கீறல் தரவையே அழிக்கும். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் அச்சான சி.டி.க்கள் பலவற்றில் அந்தப் பூச்சு உறையின் கந்தகத்தைத் தாங்காமல் வெண்கல நிறமாகிப் பழுதாயின. அந்த ஆண்டுகளின் சி.டி.க்களை விளிம்பில் பார்த்து, பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தால் உடனே நகல் எடுக்க வேண்டும்.

தமிழ்ப் படங்களின் நிலை வேறு. இங்கே தட்டு என்றாலே பாடல்கள்தான். ‘பம்பாய்’ (1995) தொகுப்பில் ஏ.ஆர். ரஹ்மானின் கருவியிசை ஒன்று இடம்பெற்றது போன்றவை விதிவிலக்குகள். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ இசைக்கு அவர் 2009இல் ஆஸ்கர் வாங்கியபோது தொகுப்பு உலகமெங்கும் கடைகளில் இருந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுத் தமிழ்ப் பின்னணி இசைக்கு அப்படி ஒரு தட்டு கிடையாது. அந்த இசை திரைக்கு வெளியே பிழைத்திருக்கும் முக்கியமான இடம், கதை வசனத் தட்டுகளும் கேசட்டுகளும். ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் வசனம் தட்டாக வந்தபோது பின்னணி இசையும் வசனத்தினடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பாடல் தட்டுக்குக் கொடுக்கும் மதிப்பில் பாதிகூட இவற்றுக்குப் பழைய பொருள் கடைகளில் இல்லை. கேசட் என்றால் எடைக்குப் போகிறது.

இவற்றை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது சில. தட்டின் நடு லேபிளையும், உள் வளையத்தில் பொறித்த எண்ணையும் படம் எடுத்துவைக்க வேண்டும். முதல் நகலில் கரகரப்பை நீக்கும் மென்பொருள் எதையும் பயன்படுத்தக்கூடாது. கரகரப்போடு மெல்லிய வயலின் ஒலியும் போய்விடும். வசனம் நின்று இசை மட்டும் ஒலிக்கும் இடங்களை நிமிட வினாடிக் கணக்கோடு தனியே குறிக்க வேண்டும். படத்தின் இன்றைய பிரதியில் அதே இடத்தில் என்ன ஒலிக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். ஒலியைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்ட படங்களில் பழைய பின்னணி இசை மாறியிருந்தால், அந்த வசனத் தட்டுதான் மூலம்.

அன்புடன்,
சக சேகரிப்பாளர் ஒருவர்